காட்டு பங்களாவில் இரண்டு ராத்திரி: எதை எடுத்துப் போவது?

3 நவம்பர் 2024, இரவு 9.50 (வாசகர் கேள்வி)

நாங்கள் பெங்களூரில் கே.ஆர். புரம். ரிசார்ட் வேண்டாம், நீச்சல்குளம் வேண்டாம், ராத்திரி ஸ்பீக்கர் வைத்து ஆடுகிற கூட்டமும் வேண்டாம். வனத்துறையின் பழைய ஓய்வு இல்லங்களில் பொதுமக்களும் தங்கலாம் என்கிறார்கள். கரண்ட் இருக்காது, போன் எடுக்காது என்றும் சொல்கிறார்கள். குடும்பத்தோடு போகலாமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? போனவர் யாராவது சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு 11.20

தாராளமாகப் போகலாம். போன பிப்ரவரியில் நாங்கள் போனோம். நான், மனைவி, பி.யூ.சி. படிக்கும் மகள், மச்சான். இரண்டு ராத்திரி. கனகபுரா ரோட்டில் இறங்கி, காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஆற்றங்கரையில் ஒரு பங்களா. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த லாங் வீக்கெண்டுக்கு வைட்ஃபீல்டே அங்கே வந்து நிற்கும்.

சாப்பாட்டுக் கவலையே வேண்டாம். மேட்டி இருப்பார். பங்களாவைப் பார்த்துக்கொண்டு சமைத்தும் போடுகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் பிஸ்கட், மேகி, இரண்டு டஜன் யாலக்கி வாழைப்பழம், அவ்வளவுதான் கொண்டுபோனோம். மனிதர் வேளாவேளைக்குப் போட்டார். கிளம்பும்போது ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம், வாங்கவே மாட்டேன் என்றார். கையை வீசிக்கொண்டு போங்கள்.

4 நவம்பர், காலை 7.15

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அனுமதி பற்றி எழுத விட்டுவிட்டேன். எல்லா ஓய்வு இல்லமும் நமக்குக் கிடைக்காது. சில இல்லங்கள் அதிகாரிகளுக்கு மட்டும். நமக்குத் தருவது எது என்று வனத்துறை டிவிஷன் ஆபீஸில்தான் கேட்க வேண்டும். நான் இரண்டு தடவை நேரில் போனேன். ஆதார் நகல், வண்டி எண், எத்தனை பேர் என்று ஒரு கடிதம், பணம் கட்டிய ரசீது. கடைசியில் ஒரு தாள் தருவார்கள். முன்பக்கம் அனுமதி, பின்பக்கம் கன்னடத்தில் பத்துப் பன்னிரண்டு நிபந்தனை. பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது, இருட்டிய பின் வெளியே போகக்கூடாது என்று எல்லாம் வழக்கமானவைதான். அந்தத் தாளை செக்போஸ்ட்டில் காட்ட வேண்டும், தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, அதிகாரி யாராவது பணிக்காக வந்துவிட்டால் நாம் அறையை விட்டுக்கொடுக்க வேண்டும். எங்களுக்கு அது நடக்கவில்லை. ஆனால் முதல் நாள் மாலை ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் மச்சான் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

4 நவம்பர், இரவு 10.05

வீடு எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு.

ஆளுயரத்தில் பாதிக்கு மேடை எழுப்பி, அதன் மேல் இரண்டு அறை. முன்னால் நீளத் திண்ணை மாதிரி வராந்தா, கைவைத்த மர நாற்காலி இரண்டு. சுவர் முழங்கை நீளத் தடிமன். மேலே மங்களூர் ஓடு. முற்றத்தில் உடைந்து கிடந்த ஓடு ஒன்றை மகள் புரட்டிப் பார்த்தாள், அடியில் ஆங்கில எழுத்து தேய்ந்து கிடந்தது. பாசல் மிஷன்காரர்கள் 1865ல் மங்களூரில் ஆரம்பித்த ஓட்டுத் தொழில் இந்தக் காடு வரைக்கும் வந்திருக்கிறது.

குளியலறைக்கு இரண்டு கதவு. ஒன்று அறைக்கு, இன்னொன்று நேரே காட்டுக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் மலச்சட்டியை எடுக்க வருகிறவர் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று வைத்த கதவு அது. இப்போது பீங்கான் பேசின் வந்துவிட்டது, கதவு மட்டும் நிற்கிறது, தாழ்ப்பாள் இல்லாமல். மச்சான் அதற்கு ஒரு பக்கெட்டை முட்டுக் கொடுத்தார். நடுராத்திரி பக்கெட் உருண்டது. டார்ச் அடித்தால் மரநாய். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோப்பைக் கவ்விக்கொண்டு போயே போய்விட்டது. மைசூர் சாண்டல். ருசி தெரிந்த நாய்.

5 நவம்பர், மதியம் 1.30

"மரநாய் நாயே இல்லை, புனுகுப் பூனை இனம்." தெரியும் சாமி. ஜோக்குக்காக எழுதியது.

5 நவம்பர், இரவு 11.40

யானை பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள்.

வண்டியை நிறுத்தியதும் மேட்டி கேட்ட முதல் கேள்வி: "பழம் இருக்கா?" மரியாதைக்குக் கேட்கிறாரோ என்று நினைத்து என் மனைவி ஒரு சீப்பை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "இருட்டுறதுக்குள்ள எல்லாத்தையும் சாப்பிட்டு முடிங்க" என்றார். யாலக்கி வாசனை ஆனைக்கு எவ்வளவோ தூரத்திலிருந்து எட்டுமாம். வண்டிக்குள் வைத்தால் வண்டி போச்சு, சமையல்கட்டில் வைத்தால் சமையல்கட்டு போச்சு. மாலை ஐந்தரை மணிக்கு ஆற்றைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, நாலு பேரும் ஆளுக்கு ஆறு பழம் என்று தின்று தீர்த்தோம். தோலை அவரே அள்ளி அடுப்பில் போட்டார்.

அப்படியும் வந்தது. ராத்திரி ஒன்றரை இருக்கும். பிளிறல் எல்லாம் கிடையாது. முதலில் மூங்கில் முறியும் சத்தம். அப்புறம், பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு கடகடப்பு. வயிற்றுச் சத்தம் என்று நினைத்தேன், காலையில் மேட்டி இல்லை என்றார். ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாம். பங்களாவைச் சுற்றி அகழி இருக்கிறது, தாண்டி வராது என்று சொல்லியிருந்தார். சொன்னது மூளைக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியவேண்டுமே.

காலையில் அகழிக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணில் அடி பதிந்திருந்தது. மேட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முன்னங்கால் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்தார். ஒரு சுற்று முடிந்த இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு, நீட்டி, அதே அளவுக்கு இன்னொரு மடங்கு தன் உடம்போடு சேர்த்து நிறுத்திக் காட்டினார். தலைக்கு மேலே கை போனது. முன்னங்கால் சுற்றளவில் இரண்டு பங்குதான் ஆனையின் தோள் உயரம். படித்துத் தெரிந்துகொண்ட கணக்கு அல்ல, அவர் அப்பா சொன்னது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், காட்டியல்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

6 நவம்பர், காலை 8.00

போன்: பங்களாவில் எந்த கம்பெனியும் எடுக்காது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை மேல் நின்றால் பி.எஸ்.என்.எல். ஒரு கோடு காட்டும். மகள் முதல் நாள் மூன்று தடவை அந்தப் பாறையைப் பற்றிக் கேட்டாள். இரண்டாம் நாள் கேட்கவில்லை.

7 நவம்பர், இரவு 9.30

தண்ணீர். ஆற்று மணலில் முழங்கை ஆழம் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார். கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். பானையின் உள்பக்கச் சுவரில் ஒரு கொட்டையை நாலைந்து சுற்று உரசிவிட்டு அதில் ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் மண்டி எல்லாம் அடியில் உட்கார்ந்துவிட்டது. தேத்தாங்கொட்டை! எங்கள் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். ஆற்றோரம் மருத மரம், கொஞ்சம் மேலே ஏறினால் தேத்தா மரம். ஃபில்டர் இல்லை என்று கவலைப்படாதீர்கள்.

அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு யோசனை. பெங்களூரில் நம் குழாயில் வருவதும் இதே காவிரிதான். மேலே சிவா அணைக்கட்டில் எடுத்து, தொரெகாடனஹள்ளியில் சுத்தம் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் குழாயில் தள்ளி, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். 1974ல் முதல் கட்டம். இப்போது அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறந்தார்கள், ஒரு நாளைக்கு 77 கோடி லிட்டருக்கும் மேல். நான் காலையில் பல் விளக்கும்போது குழாயைத் திறந்துவிட்டே விளக்குகிறவன். அங்கே மேட்டி ஒரு சிரட்டை, ஒரு சிரட்டை என்று மொண்டுகொண்டிருந்தார்.

இன்னொரு கூத்து. என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1902லேயே சிவனசமுத்திரத்தில் கரண்ட் எடுத்து, கம்பி இழுத்து, தங்கவயலுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெங்களூர்த் தெருவிளக்குக்கே 1905ல்தான் வந்தது. பேரன் நான் 2024ல் அதே ஆற்றங்கரையில், அரிக்கேன் விளக்கில் சாப்பிடுகிறேன். சோலார் பல்பு ஒன்று உண்டு. ஏழரைக்கு அணைந்துவிடும்.

8 நவம்பர், காலை 6.50

ஒரு டாக்டரம்மா தனியாக எழுதித் திட்டிவிட்டார். தேத்தாங்கொட்டை கலங்கலைத்தான் தெளிய வைக்கும், கிருமியை முழுக்கக் கொல்லாது. தெளிந்த தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் மேட்டியும் கொதிக்கத்தான் வைத்தார். நான்தான் கொட்டையைப் பார்த்த பூரிப்பில் அடுப்பை மறந்துவிட்டேன்.

8 நவம்பர், மாலை 6.10

அதே டாக்டரம்மாவின் இரண்டாவது திட்டு. உண்ணி கடித்தால் மண்ணெண்ணெய் தடவலாம் என்று நான் வேறொரு இடத்தில் எழுதியிருந்தேனாம். அழித்துவிட்டேன். எண்ணெயும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மலைநாட்டுப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். குரங்குக் காய்ச்சல் உண்ணியால்தான் பரவுகிறது. 1957ல் ஷிமோகா ஜில்லா கியாசனூர் காட்டில்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். டிசம்பரிலிருந்து மே வரைக்கும் அதன் காலம். முழுக்கால் பேன்ட், சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். அழகு பார்க்க அங்கே யாரும் இல்லை.

அப்புறம், மலபார் அணில் பார்த்தோம் என்றும் வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன், அதுவும் தப்பு. போட்டோவைப் பார்த்தவர்கள் சாம்பல் மலை அணில் என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கென்றே சரணாலயம் இருக்கிறது. காவிரிக் கரை மருத மரங்களிலும் உண்டு.

10 நவம்பர், இரவு 10.45

"வேட்டைக்காகக் கட்டிய பங்களாதானே, அதில் தங்குவதில் என்ன பெருமை" என்று ஒருவர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேட்டையும் ஆடியிருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கட்டியது மேற்பார்வைக்கு. 1864ல் வனத்துறை என்று ஒன்று ஆரம்பித்து, பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரைத் தலைவராகப் போட்டார்கள். மரத்தை எண்ண, வெட்ட, நட, காவல் பார்க்க அதிகாரி காடு காடாகச் சுற்ற வேண்டும். ஒரு நாள் குதிரையில் போகிற தூரத்துக்கு ஒரு தங்குமிடம் என்று கட்டிக்கொண்டே போனார்கள். அதனால்தான் இப்போது பார்த்தால் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு வீடு நிற்கிறது.

வராந்தா மேஜையில் வருகைப் பதிவேடு இருந்தது. அரிக்கேனை அருகில் இழுத்து வைத்துப் படித்தேன். 1978லிருந்து இருக்கிறது. "கொசுவலை கிழிந்துள்ளது", "கோழிக் குழம்பு நன்று", இப்படியே போகும். 1991க்கு அப்புறம் ஒரு பெயர் கூட இல்லை. அடுத்த கையெழுத்து 2005. நடுவில் ஒரு பக்கம் கூடக் கிழிக்கப்படவில்லை, இரண்டு கையெழுத்துக்கும் இடையே வெறுமனே விட்ட வரி இரண்டுதான். அதற்குள் பதினாலு வருஷம். வீரப்பன் காலம். பி. ஸ்ரீனிவாஸ் என்ற வன அதிகாரி கொல்லப்பட்டது 1991 நவம்பரில். வீரப்பன் சுடப்பட்டது 2004 அக்டோபர் 18. எங்கள் மேட்டி, வீரப்பனின் ஊரான கோபிநத்தம் பக்கத்துக்காரர், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். ஸ்ரீனிவாஸ் அந்த ஊரில் மாரியம்மன் கோவில் கட்டிக் கொடுத்தவர். அவர் பெயரைச் சொன்னபோது மேட்டி குந்தியிருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். வீரப்பனைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

14 நவம்பர், இரவு 9.15

அக்கா மகன் சியாட்டிலில் இருக்கிறான். இதையெல்லாம் படித்துவிட்டு அவன் அலாஸ்கா கதையைச் சொன்னான். டாங்காஸ் என்று ஒரு காடு, அமெரிக்காவின் தேசியக் காடுகளிலேயே பெரியது. அதற்குள் அரசாங்கமே மரக் கேபின்கள் கட்டி வாடகைக்கு விடுகிறது. பல கேபினுக்குப் படகில் போக வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்தில். ஆறு மாதம் முன்னாலேயே பதிவு செய்கிறார்கள். கரண்ட் இல்லை, குழாய் இல்லை, மெத்தை இல்லை, வெறும் பலகைதான். கழிப்பறை வெளியே. இதுவரைக்கும் நம்ம ஊர் மாதிரிதான்.

ஆனால் அங்கே யாரும் இல்லை. மேட்டி என்று ஒரு ஆள் கிடையாது. அரிசியிலிருந்து தீப்பெட்டி வரை நாம்தான் சுமக்க வேண்டும், விறகும் நாம்தான் பிளக்க வேண்டும். கிளம்பும்போது அடுத்து வருகிறவருக்காகக் கொஞ்சம் விறகு பிளந்து வைத்துவிட்டு வர வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். "மாமா, மழையில நனைஞ்சு வந்து சேர்ந்தேன், யாரோ முகம் தெரியாதவன் அடுப்புக்குப் பக்கத்துல காஞ்ச விறகு அடுக்கி வச்சிருந்தான், அழுகையே வந்துடுச்சு" என்றான். நார்வேயில் சில குடிசைகளில் மளிகைச் சாமானே வைத்திருப்பார்களாம். எடுத்ததை நாமே எழுதிப் பணம் கட்ட வேண்டியது.

"நீங்க என்ன வச்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டான். சும்மாதான் கேட்டான்.

15 நவம்பர், அதிகாலை 5.20

தூக்கம் வரவில்லை. மேலே முதல் குறிப்பில் கையை வீசிக்கொண்டு போங்கள் என்று எழுதியிருக்கிறேனே, அதை யாரும் நம்ப வேண்டாம்.

நேற்று ராத்திரி மகளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் போனில் போட்டோக்களை எடுத்து நீட்டினாள். சமையல்கட்டு. எலிக்குப் பயந்து அரிசிப் பையை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். வந்த அன்று எடுத்த படத்தில் பை வயிறு புடைத்துத் தொங்குகிறது. கிளம்பும் நாள் எடுத்த படத்திலும் அதே கயிறு, அதே பை, உதறிக் காயப்போட்ட துண்டு மாதிரி.

கணக்குப் போட்டேன். ஐந்து வேளை, நாலு பேர். மகளுக்குக் களி இறங்காது என்று அவளுக்கு எல்லா வேளையும் சோறு. மச்சான் களியும் வாங்கி, கொள்ளுச் சாறு ஊற்றி, அப்புறம் சோறும் வாங்குகிறவர். அது ரேஷன் கார்டுக்கு வரும் அன்னபாக்ய அரிசி. வீட்டுப் பங்கிலிருந்து பிரித்துத் தலையில் வைத்துத் தூக்கி வந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போவார். "கடைசி நாள் காலைல அவர் சாப்பிடலைப்பா, நீராகாரம்தான் குடிச்சார். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள்.

எனக்குத் தெரியாது.

15 நவம்பர், காலை 10.30

சம்பளம் வாங்குகிறாரே, அது அவர் வேலைதானே என்று எழுதியவருக்கு: சமைப்பது அவர் வேலை. அரிசி அவர் வேலை இல்லை.

17 நவம்பர், இரவு 8.40

அந்த அனுமதித் தாளைத் தேடி எடுத்தேன். பெங்களூரில் பிறந்து, ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவன். கன்னடம் தண்ணி பட்ட பாடு, வாயளவில். படிப்பது பஸ் போர்டோடு சரி. பின்பக்கத்தை மகளை விட்டு வாசிக்கச் சொன்னேன். ஏழாவது நிபந்தனை: "ஆஹார பதார்த்தகளன்னு தாவே தரதக்கத்து". உணவுப் பொருளைத் தாங்களே கொண்டுவர வேண்டும். முதல் நாளே அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் "வழக்கமானவை" என்று மேலே எழுதிவைத்திருக்கிறேன்.

23 பிப்ரவரி 2025, இரவு 10.10

மறுபடியும் போய்வந்தோம். இந்தத் தடவை யஷ்வந்த்பூர் மண்டியில் சோனாமசூரி பத்து கிலோ, ராகி மாவு ஐந்து, துவரம்பருப்பு, கொள்ளு, எண்ணெய், உப்பு, வெங்காயம். பழம் இல்லை.

அவரே இருந்தார். எங்களை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். மூட்டையைப் பார்த்ததும் ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார், கயிற்றை அவிழ்த்து அதிலேயே கட்டித் தொங்கவிட்டார். போன வருஷத்தைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று நான் கனகபுரா தாண்டியதிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவரே கேட்டார்: "அப்போ உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? தாள்ல இருக்குமே." இத்தனை நாளும் நாங்கள் படித்துவிட்டுத்தான் வெறுங்கையோடு வந்தோம் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டுதான் மச்சானுக்கு இரண்டாம் தடவை சாறு ஊற்றியிருக்கிறார்.

அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, "ரொம்ப சன்னம். ரெண்டு மணி நேரத்துல மறுபடி பசிக்கும்" என்றார். அடுத்த தடவை கொட்டை அரிசி.

பதிவேட்டில் எழுதச் சொன்னார். தமிழில் எழுத ஆரம்பித்தேன், கையைப் பிடித்து நிறுத்தினார். கன்னடத்தில் எழுதினால்தான் வருகிற அதிகாரி படிப்பாராம். மூன்று வரி எழுத கால் மணி நேரம். பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒத்தக்ஷரம், அதாவது எழுத்துக்கு அடியில் ஒட்டிப் போடும் கூட்டெழுத்து, இரண்டு இடத்தில் தப்பாம், அவரே பேனாவை வாங்கித் திருத்தினார். எழுதியது குளியலறைத் தாழ்ப்பாள் பற்றி.

24 பிப்ரவரி, காலை 7.30

முதலில் கேள்வி கேட்ட கே.ஆர். புரம்காரருக்கு மார்ச்சில் அதே பங்களா கிடைத்திருக்கிறதாம். எது என்று நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்துவிட்டார். சரி. ரேஷனோடு டார்ச் செல் நாலு வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய அளவு. வேறென்ன வேண்டும் என்று கேட்டதற்கு மேட்டி அது ஒன்றைத்தான் சொன்னார்.

24 பிப்ரவரி, காலை 7.50

மகள் திருத்துகிறாள். டார்ச்சுக்கு மூன்று செல்தான். நாலாவது எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நாலே வாங்குங்கள்.